‘தைரியமாக இருங்கள்’ என்று சொன்ன பிறகு: புற்றுநோயாளரின் மனத்துயரும் தளர்வுப் பயிற்சிகளும்

(சிங்கப்பூர் ஜாலான் புசாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடையில் மருத்துவமனையில் பணியாற்றும் ஓர் உளவியலாளரை அழைத்து நிறுத்தியிருக்கிறீர்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்த வட்டாரம் அந்நியமானதும் அல்ல. இங்கிருந்து சிராங்கூன் சாலை வழியாக வடக்கே போனால் குவோங் வாய் ஷியூ மருத்துவமனை வரும். 1910இல் அது தொடங்கப்படும் முன்பு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த வளாகத்தில் இயங்கியது டான் டோக் செங் மருத்துவமனை. லிட்டில் இந்தியாவின் மறு ஓரத்தில் கேகே மருத்துவமனை. 1966இல் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. அவர்களில் சிலர் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். பிரசவத்துக்குப் பெயர்பெற்ற அதே மருத்துவமனையில் இன்று பெண்களும் குழந்தைகளும் புற்றுநோய்ச் சிகிச்சையும் பெறுகிறார்கள். சிங்கப்பூரில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரலாம் என்பது மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. ஆகவே இது யாரோ ஒருவரின் கதை அல்ல, நம் வீடுகளின் கதை.

நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நோயாளியிடம் எல்லோரும் அமைதியைக் கேட்கிறோம். “தைரியமா இருங்கப்பா.” “மனச மட்டும் விட்டுறாதீங்க அத்தை.” “நீயே இப்படி அழுதா பிள்ளைங்க என்ன செய்யும்?” அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால், அந்த அமைதியை எப்படி அடைவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அமைதி பழகிப் பெற வேண்டிய ஒரு திறன். அதைக் கற்பிக்க முறைகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் நூறு ஆண்டு உழைப்பும் இருக்கிறது. அந்தக் கற்பித்தல் சிகிச்சையின் ஒரு பகுதியாக, முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே, நோயாளியின் சொந்த மொழியில் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

1. துயரத்தையும் அளக்க வேண்டும்

காய்ச்சலை அளக்கிறோம், ரத்த அழுத்தத்தை அளக்கிறோம். மனத்துயரை மட்டும் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிடுகிறோம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977இல் மனநலப் பிரிவைப் பொறுப்பேற்ற ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் இந்தப் போக்கை மாற்றினார். புற்றுநோயாளரின் மனத்தைப் பற்றிய தனி மருத்துவத் துறை உருவானதில் அவருடைய பங்கு பெரியது. 1990களின் இறுதியில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய கருவியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் வரைந்த ஒரு வெப்பமானி, பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனவேதனை எவ்வளவு என்று நோயாளி தானே வட்டமிட வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேல் போனால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

அமெரிக்காவில் 4,496 நோயாளிகளிடம் நடத்தி 2001இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 35 விழுக்காட்டினருக்குக் கவனிக்கத்தக்க அளவு மனத்துயர் இருந்தது. மூன்றில் ஒருவருக்கும் அதிகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையிலும் உளவியலுக்கென்று தனித் துறை இருக்கிறது. தமிழ் பேசும் நோயாளியின் மனத்துயரைக் கவனிப்பது வெளிநாட்டு ஆடம்பரம் என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

நம்மவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. “மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்” என்பார்கள். “நெஞ்சு அடைக்குதா? வயித்தப் பிரட்டுதா? ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?” என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். இதை ஒளிவுமறைவு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. துயரம் எங்கே தங்கியிருக்கிறதோ அந்த இடத்தை அவர்கள் சரியாகவே காட்டுகிறார்கள்.

2. உடம்பு வழியாக மனத்துக்கு

துயரம் தங்கியிருக்கும் அந்த இடம் உடம்பு. அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் தசைகளை மட்டுமே ஆராய்ந்தார். கவலைப்படுபவரின் தசை இறுகியிருக்கிறது. தசை முழுமையாகத் தளர்ந்த நிலையில் கவலை அதே வேகத்தோடு நிற்க முடிவதில்லை. இதைக் கண்டறிந்து அவர் 1929இல் வெளியிட்ட நூல்தான் படிப்படியான தசைத் தளர்வு முறைக்கு அடிப்படை. அவருடைய மூல முறையைக் கற்க மாதக்கணக்கில் ஆகும். பிறகு வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். 1973 வாக்கில் உடம்பைப் பதினாறு தசைத் தொகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் வடிவம் பரவியது. இன்று மருத்துவமனைகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் அதைவிடவும் சுருங்கிய வடிவம்.

அரங்கில் இதை எல்லோரும் சேர்ந்து செய்து பார்த்தோம். படிப்பவர்களும் செய்யலாம் என்பதால் அச்சிலும் விட்டுவைக்கிறேன். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும். வலது கையை மடக்கி முஷ்டியாக்குங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம், முக்கால் பங்கு பலம் போதும். ஐந்து வினாடி அப்படியே வையுங்கள். முன்கையில் எந்த இடம் இழுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இப்போது ஒரேயடியாக விட்டுவிடுங்கள். விட்ட பிறகு இருபது வினாடி எதுவும் செய்யாமல், கைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூடு பரவுகிறதா, கனமாகிறதா, விரல் நுனி துடிக்கிறதா? அடுத்து தோள்களைக் காதுவரை தூக்குங்கள், விடுங்கள். பிறகு புருவம். பிறகு தாடை: பல்லோடு பல் அழுத்தி, விட்டு, நாக்கை அண்ணத்திலிருந்து இறக்கிவிடுங்கள்.

தாடையை விட்டபோது அரங்கில் பலர் தங்களை அறியாமல் பெருமூச்சு விட்டார்கள். எந்தக் கெட்ட செய்தியும் இல்லாத ஒரு மாலையில், நண்பர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும்போதே நம் தாடை இவ்வளவு இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரின் தாடை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறுக்கிவிட்டுத் தளர்த்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாள்பட்ட இறுக்கம் நமக்கு உறைப்பதில்லை. அதுவே இயல்பு நிலை போலத் தோன்றிவிடும். வேண்டுமென்றே இறுக்கி விடும்போது இரண்டு நிலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன, வேறுபாடு தெரிகிறது. வேறுபாடு தெரிந்த பிறகுதான், பகலில் மருந்தகத்தில் வரிசையில் நிற்கும்போதும் “தோள் ஏறிவிட்டது” என்று நோயாளியால் உணர முடியும், தானே இறக்கிக்கொள்ள முடியும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் என்று சில வாரம் பழகுபவர்களுக்கு இது கைவருகிறது. வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. முதல் மருந்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

3. மூச்சும் உச்சாடனமும்

தசைக்கு அடுத்த வழி மூச்சு. இந்த வட்டாரத்தில் ஒரு காலைநேரம் நடந்தால் பெருமாள் கோயில் மணி கேட்கும், வீரமாகாளியம்மன் சன்னதியில் யாராவது முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள், அங்குலியா பள்ளிவாசலில் தொழுகை நடக்கும். நம் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி தெரியாது என்று நினைப்பவர்கள் இந்தத் தெருக்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேர் லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னார்கள், பிறகு ஒரு பௌத்த மந்திரத்தைச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. ஆறு என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. ரத்த அழுத்தத்தில் இயல்பாகவே ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒரு சிற்றலை எழுந்து தாழ்கிறது. மூச்சும் பத்து வினாடிக்கு ஒன்றாகும்போது இரண்டும் ஒத்திசைகின்றன. இதயத் துடிப்பை மாற்றி ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது. வேகஸ் நரம்பின் வழியாக உடம்புக்கு ‘ஆபத்து விலகிவிட்டது’ என்ற தகவல் போகிறது. இதற்கும் முன்பே ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன், தியானம் செய்பவர்களின் உடலை ஆராய்ந்து 1975இல் எழுதிய நூலில், ஒரு சொல்லையோ சிறு தொடரையோ திரும்பத் திரும்பச் சொல்வதே இந்த நிலைக்குப் போதிய வாயில் என்றார். எந்தச் சொல் என்பதை அவர் நோயாளியின் நம்பிக்கைக்கு விட்டுவிட்டார்.

ஆகவே நான் நோயாளியிடம் புதிதாக எதையும் திணிப்பதில்லை. “வீட்டில் என்ன சொல்லிக் கும்பிடுவீங்க?” என்று கேட்பேன். ஐந்தெழுத்தோ, திக்ரோ, ஜெபமாலையோ, எதுவானாலும் சரி. இறைநம்பிக்கை இல்லாதவர் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணலாம். ஒரே நிபந்தனை, வெளிமூச்சு உள்மூச்சைவிட நீண்டிருக்க வேண்டும். வேகமாகப் பாராயணம் செய்யும் கவசங்களும் துதிகளும் மனத்துக்கு வேறு வகையில் பலம் தரலாம். ஆனால் மூச்சை அவை மெதுவாக்கும் என்று சொல்ல முடியாது. படபடப்பு நேரத்துக்கு மெதுவாகச் சொல்லக்கூடிய ஒரு சிறு தொடரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சமயப் பெரியவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இசையைப் பற்றி ஒரு வரி. புற்றுநோயாளருக்கான இசைவழி உதவிகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பாய்வு 81 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. பதற்றம் குறைய இசை உதவக்கூடும் என்பது அதன் முடிவு. எந்த இசை என்பதை நோயாளியே சொல்லட்டும். எழுபது வயது ஐயா ஒருவருக்கு ஒலி 96.8 வானொலியில் வரும் பழைய பாடல் போதும் என்றால், அவரிடம் கடலலை ஓசையைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

4. உடம்பு தவறாகக் கற்றுக்கொள்ளும்போது

தளர்வுப் பயிற்சிக்கு மிகத் தெளிவான வேலை இருக்கும் இடம் ஒன்று உண்டு. கீமோ எடுத்த பிறகு வாந்தி வருவது மருந்தின் விளைவு. மூன்றாவது, நான்காவது சுற்றில் சிலருக்கு மருந்து ஏறும் முன்பே வாந்தி வரும். சிகிச்சைக் கூடத்தின் கிருமிநாசினி வாசம் பட்டதும், சிலருக்கு மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே, வயிறு புரளும். “எல்லாம் உன் கற்பனை” என்று வீட்டில் சொல்வார்கள். கற்பனை கிடையாது. அந்த வாசத்துக்குப் பிறகு வேதனை வரும் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. பாவ்லோவின் நாய்களுக்கு மணியோசை கேட்டதும் உமிழ்நீர் ஊறிய அதே வழியில் இதுவும் நடக்கிறது.

கடும் வாந்தியை உண்டாக்கும் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் 1970களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தபோது அதைத் தடுக்க நல்ல மருந்து இல்லை. வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரான் வந்தது 1991இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்க உளவியலாளர்கள் தசைத் தளர்வையும், மனத்துக்குள் ஒரு காட்சியை வரவழைத்துப் பார்க்கும் மனக்காட்சிப் பயிற்சியையும் கற்பித்து இந்த முன்கூட்டிய குமட்டலைக் குறைத்துக் காட்டினார்கள். கேரி மாரோவின் 1982ஆம் ஆண்டு ஆய்வு அவற்றுள் பெயர்பெற்றது. இன்று வாந்தித் தடுப்பு மருந்துகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. முதல் சுற்றிலேயே வாந்தியை அடக்கிவிட்டால் உடம்பு தவறாகக் கற்க வாய்ப்பு மிகக் குறைவு, அதுதான் முதல் வழி. ஆனால், ஒருமுறை கற்றுக்கொண்ட குமட்டலுக்கு அந்த மருந்துகள் சரியாகக் கேட்பதில்லை. அப்போது மறுபடி இந்தப் பயிற்சிகளிடம்தான் வருகிறோம்.

கழுத்து, வாய், மூக்கின் பின்பகுதி ஆகியவற்றில் புற்றுநோய் வந்தவர்களுக்கான கதிரியக்கச் சிகிச்சையிலும் இந்தப் பயிற்சிகளுக்கு வேலை இருக்கிறது. முகத்தின் வார்ப்பிலேயே செய்த வலைமூடியை மாட்டி, அதை மேசையோடு பொருத்துவார்கள். அசையக் கூடாது. அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். மூடிய இடத்தைக் கண்டால் மூச்சு முட்டுபவருக்கு அது எவ்வளவு பெரிய சோதனை! மூடியை வார்ப்பதற்கு முன்பே மூச்சையும் மனக்காட்சியையும் பழகியவர், மேசையில் படுக்கும்போது தன் மனம் போக வேண்டிய இடத்தை அறிந்திருப்பார். அந்த இடத்தை அவர் வாழ்க்கையிலிருந்தே எடுக்க வேண்டும். ஓர் அம்மாவுக்கு அது அதிகாலையில் கழுவிவிட்ட கோயில் பிரகாரம். இன்னொருவருக்கு ஊரில் பம்புசெட்டுக் குளியல்.

5. பயிற்சியால் ஆகாதவை

இந்தப் பகுதியை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். தளர்வுப் பயிற்சி புற்றுக்கட்டியைக் கரைக்காது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கார்ல் சைமன்டன் 1978இல் எழுதிய நூலில், வெள்ளணுக்கள் புற்றணுக்களைத் தாக்குவது போல மனத்தில் காட்சி காணுமாறு நோயாளிகளுக்குச் சொன்னார். அந்தக் காட்சியால் கட்டி சுருங்கும் என்பதற்கு நம்பகமான சான்று இன்றுவரை இல்லை. அதே ஆண்டில், தானே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சூசன் சாண்டாக், நோயை நோயாளியின் குணத்தோடும் மனநிலையோடும் முடிச்சுப் போடும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். நான் சாண்டாக்கின் பக்கம்.

1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஒரு செய்தியோடு வந்தார். மார்பகப் புற்று பரவிய 86 பெண்களில், குழு ஆதரவும் சுயவசியப் பயிற்சியும் பெற்றவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கனடாவில் 235 பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே திரும்பச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை. ஆனால் கனடா ஆய்வில், தொடக்கத்தில் அதிக வேதனையில் இருந்த பெண்களுக்கு மனநிலை மேம்பட்டது, வலியின் தாக்கம் குறைந்தது. எனக்கு அது போதும். நோயாளிக்கு இன்றிரவு நான்கு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தால், அதற்கு மேல் ஓர் ஆயுள் கணக்குக் காட்டி அந்தத் தூக்கத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை.

இதை நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நோய் திரும்பி வந்த ஓர் அம்மா என்னிடம், “நான் ஒழுங்கா பயிற்சி செய்யலையோ, அதான் திரும்பிடுச்சோ?” என்று கேட்டார். உறவினர் ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அமைதியாக இருந்தால் குணமாகும் என்று சொல்லும் ஒவ்வொருவரும், குணமாகாதவரின் தலையில் பழியை ஏற்றுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டுத் தியானத்தை மட்டும் செய்யச் சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள்.

6. யாருக்குப் பயிற்சியை மாற்ற வேண்டும்

புற்று எலும்புக்குப் பரவியவர்களும், அறுவைச் சிகிச்சையின் காயம் ஆறாதவர்களும், கை வீக்கம் உள்ளவர்களும் தசையை இறுக்கும் பகுதியை விட்டுவிட்டுத் தளர்த்துவதை மட்டும் செய்யலாம். மூச்சுத் திணறல் உள்ளவர் மூச்சை அடக்கக் கூடாது; முகத்துக்கு நேரே ஒரு சிறிய கைவிசிறியைப் பிடித்தாலே திணறல் குறைவதுண்டு. கண்ணை மூடினால் பயம் கூடுபவர்கள் திறந்தே வைத்திருக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அங்கே பயிற்சியை நிறுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

7. யார் கற்பிப்பது

2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. பதற்றத்துக்கு, நிகழ்கணத்தில் கவனம் வைக்கும் மனநிறை தியானமும், சிகிச்சைக் காலத்தில் யோகாவும் தளர்வுப் பயிற்சியும் இசையும் அதில் பரிந்துரைகளாக இடம்பெற்றன. பெங்களூரில் ராகவேந்திர ராவும் குழுவினரும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் யோகாவைச் சோதித்து, பதற்றம் குறைந்ததை 2009இலேயே பதிவு செய்திருந்தார்கள். சான்று இருக்கிறது. கொண்டுசேர்ப்பதில்தான் குறை.

சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனைகளில் உளவியலாளர்களும் மருத்துவ சமூக சேவையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் உளவியலாளரின் அறைக்கு வந்து சேர்பவர்கள் சிலர்தான். ஊசி போடும் தாதியைச் சந்திக்காத நோயாளியோ கிடையாது. தாதியருக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரத்தையே பயிற்சி நேரமாக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

இரண்டாவது, மொழி. ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவர்கூட, விடியற்காலை மூன்று மணிக்குப் பயம் வரும்போது தாய்மொழியில்தான் பயப்படுகிறார். அந்த நேரத்தில் ஆங்கில ஒலிப்பதிவைக் காதில் மாட்டினால், முதலில் மொழியைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் நம் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளில் ஒருவருக்கு நோய் வந்தால் அவருக்கு இது இன்னும் கடினம். குடும்பம் கடலுக்கு அப்பால் இருக்கிறது, தங்கும் விடுதியில் தனிமை கிடையாது. அவர் கையில் இருப்பது ஒரு கைத்தொலைபேசி. பன்னிரண்டு நிமிடத் தமிழ் ஒலிப்பதிவு ஒன்று அதில் இருந்தால் போதும். இந்த அரங்கில் நல்ல குரல்வளம் கொண்ட ஆசிரியர்களும் முன்னாள் வானொலிக் கலைஞர்களும் இருக்கிறீர்கள். பேச்சுத் தமிழில், அவசரமில்லாமல், “இப்ப தோள மெதுவா இறக்குங்க” என்று சொல்லும் ஒரு பதிவை நாம் சேர்ந்து செய்ய முடியும். அதற்கான உரையை நான் எழுதித் தருகிறேன்.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர். பராமரிக்கும் மனைவியோ மகளோ இல்லப் பணிப்பெண்ணோ சில வேளை நோயாளியைவிடவும் குறைவாகத் தூங்குகிறார்கள். அவர்களின் மனவேதனை வெப்பமானியை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நோயாளியைத் தனியே படுக்கவைத்து “நீங்க செய்யுங்க” என்று சொல்ல வேண்டாம்; பக்கத்தில் உட்கார்ந்து அதே பத்து நிமிடத்தை நீங்களும் செய்யுங்கள். கீமோ நாள் குறித்துக் கொடுத்திருந்தால், அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். சிகிச்சை ஏற்கெனவே தொடங்கிவிட்ட வீடுகளில் இன்றிரவு ஆரம்பிக்கலாம்.